நாலு மணிக்கு எழச் சொல்லாமல் காலை நேரத்தை மிச்சம் பிடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்

பழையபேட்டை மருமகள், கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வீடு கிருஷ்ணகிரி. கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு ரவுண்டானாவுக்கு வரும், டிரைவர் யாருக்காகவும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், கிளம்பிவிடுவார். அதை விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து ஓசூர் பஸ், ஐம்பது கிலோமீட்டர், சூளகிரி பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு. நம் ஊருக்கு இருந்த சின்ன ரயிலையும் எப்போதோ மூடிவிட்டார்கள், சரி, அந்தப் புலம்பலை வேறு திரியில் வைத்துக்கொள்வோம்.

வீட்டில் ஏழாவது படிக்கிற மகள், மூன்றாவது படிக்கிற மகன், முட்டி வலியோடு மாமியார். வீட்டுக்காரருக்கு பர்கூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நான் ஐந்து மணிக்கு எழுகிறேன். காலை டிபன், மதியச் சாப்பாடு, டப்பா கட்டுவது, குழாயில் ஒகேனக்கல் திட்டக் குடிதண்ணீர் விடுகிற நாளென்றால் குடம் பிடிப்பது, அவ்வளவுதான் வேலை. உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வராது. ஆனால் ஆறே முக்காலுக்கு நான் தலைகூட வாராமல் நிற்பேன், சின்னவன் 'அம்மா, ஸ்கூல் டயரியில கையெழுத்து' என்று வந்து நிற்பான், பெரியவள் ஒரு காலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடி நொண்டிக்கொண்டிருப்பாள். மீதி அரை மணி நேரத்தை யார் கொண்டுபோகிறார்கள்?

நாலு மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள், நான் படுப்பதே பதினொன்று. கால அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற யோசனையும் வேண்டாம், வாரத்துக்கு வாரம் வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாறுகிற வீட்டில் அந்தத் தாளுக்கு மதிப்பே கிடையாது. வேலைக்குப் போகிற பெண்கள் நிஜமாகவே என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

தகடூரான், தர்மபுரி

சகோதரி, தவறாக நினைக்க வேண்டாம். ஒரு முறை நாலரைக்கு எழுந்துதான் பாருங்களேன். பிரம்ம முகூர்த்தம், மனசு தெளிவாக இருக்கும், வேலை பறக்கும். நான் அப்படித்தான் எழுகிறேன்.

மாங்கா மண்டி, சந்தூர்

தகடூரான் அண்ணா, எழுந்ததும் உங்களுக்குக் காபி போட்டுத் தருவது யார்? சும்மா கேட்டேன்.

அரூர் அக்கா

தங்கச்சி, சாம்பார் கொதிக்க ஆகிற நேரம் ஆகத்தான் செய்யும், அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள். விடையை நீங்களே பாதி எழுதிவிட்டீர்கள். அந்த அரை மணி நேரம், இன்றைக்கு என்ன செய்வது என்று ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதிலும், வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாமல் தேடுவதிலும் போகிறது. எனக்கும் வங்கி வேலை, தினமும் தர்மபுரிக்குப் பஸ் ஏறுகிறவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'இன்னைக்கு என்ன குழம்பு' என்கிற கேள்வியை வீட்டை விட்டுத் துரத்துங்கள். எங்கள் வீட்டில் திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் தட்டைப்பயறு, வியாழன் கீரைக் கடைசல், வெள்ளி ரசமும் ஏதாவது பொரியலும். சனி, ஞாயிறு யார் எதைக் கேட்டாலும் சரி. ஆரம்பத்தில் 'ஹாஸ்டல் மெனு மாதிரி இருக்கு' என்று கிண்டல் செய்தார்கள், இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. இதில் கூடுதல் லாபம் என்னவென்றால் சந்தைக்குப் போகும்போதும் யோசிக்க வேண்டியதில்லை, என்ன காய் எவ்வளவு என்பது ஏற்கனவே முடிவாகியிருக்கும், வாங்கி வந்தது வாடிப்போய்க் குப்பைக்குப் போவதும் குறைந்துவிட்டது.

புளி நம் பக்கத்துச் சரக்கு, மாசி, பங்குனியில் உலுக்கியதை வருடத்துக்கு வாங்கி வைத்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கு வேண்டியதை வெந்நீரில் ஊறப்போட்டு, கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, ஒரு கொதி விட்டு, ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குழம்புக்கு இரண்டு கரண்டி எடுத்து ஊற்றினால் முடிந்தது. சக்கையைப் பிழிந்து, கொட்டை பொறுக்கி, கையைக் கழுவி, அந்த வேலை காலையில் வரவே வராது. காய் விஷயத்தில் பீன்ஸ், கேரட், கோஸ், அவரைக்காய் எல்லாம் இரவே நறுக்கி டப்பாவில் போடலாம். கத்தரிக்காயையும் வாழைக்காயையும் தொடாதீர்கள், கறுத்துப்போகும்.

அப்புறம் ராகிக் களி. வாரத்தில் இரண்டு இரவு களி கிண்டும்போது இரண்டு உருண்டை கூடவே போடுங்கள். மிஞ்சியதைச் சட்டியில் போட்டு மூழ்குகிற அளவு தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்பு, சின்ன வெங்காயம், கடித்துக்கொள்ள மோர்மிளகாய். அடுப்பையே பற்றவைக்காமல் டிபன் ஆயிற்று. நம் பாட்டிமார் விடியற்காலையில் காட்டு வேலைக்கு ஓடினது இதைக் குடித்துவிட்டுத்தானே. மூன்றாவது படிக்கிறவன் குடித்துவிடுவான். ஏழாவது படிக்கிறவள் முகத்தைச் சுளிப்பாள், அவளுக்கு மட்டும் ஒரு தோசை ஊற்றிக் கொடுங்கள், பரவாயில்லை.

சாக்ஸுக்கு என் வழி சிரிப்பாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எந்த நிறம் சொல்கிறார்களோ அதில் ஒரே கடையில் ஒரே ரகத்தில் மொத்தமாக வாங்கிவிடுங்கள், பழசு எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பிறகு ஜோடி என்பதே கிடையாது, கூடையில் கை விட்டு எந்த இரண்டை எடுத்தாலும் சரி. வாசல் பக்கத்தில் ஒரு தட்டு, அதில் வண்டிச் சாவி, உங்கள் அடையாள அட்டை, கொஞ்சம் பத்து ரூபாய் நோட்டு. 'அம்மா, சார்ட் வாங்க இருபது ரூபா' என்கிற சத்தம் வாசலில்தானே வரும்? டயரியில் கையெழுத்து இரவுச் சாப்பாட்டுத் தட்டு கழுவப் போவதற்கு முன்னால் போட்டாக வேண்டும், காலையில் கொண்டுவந்தால் போட மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவை டீச்சரிடம் திட்டு வாங்கினால் அப்புறம் தானாக நடக்கும்.

பழையபேட்டை மருமகள், கிருஷ்ணகிரி

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் சொன்ன பிறகு இன்றைக்குக் காலை என்னையே கவனித்துக்கொண்டிருந்தேன். டிபன் டப்பா ஒன்று இருக்கிறது, மூடி இல்லை. மூடி கிடைத்தது, அது வேறு டப்பாவின் மூடி. நடுவில் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட, அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வந்து எதைச் செய்துகொண்டிருந்தேன் என்று நினைவுக்குக் கொண்டுவரவே நேரம் ஆனது. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று இது இரண்டு மடங்கு.

ஆனால் இரவில் எடுத்து வைப்பதுதான் இடிக்கிறது. வீட்டுக்கு வரும்போது ஏழு, சாப்பாடு, வீட்டுப்பாடம் முடிய ஒன்பதரை. அதற்கு மேல் பீன்ஸ் நறுக்க உடம்பு ஒத்துழைக்காது. போனை எடுத்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறேன், அது பதினொன்று வரை போகிறது.

தென்பெண்ணை விவசாயி, காவேரிப்பட்டணம்

தண்ணீர் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். அம்மா, மோட்டாரை மனுஷன் நிறுத்துகிற காலம் போய்விட்டது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் மட்டம் பார்த்துத் தானாக மோட்டாரை நிறுத்துகிற கருவி எலக்ட்ரிகல் கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள், எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவார். கீழ்த் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் நேராக விழுகிறதென்றால் அதன் வாயில் மிதவை வால்வு, நிரம்பியதும் மூடிக்கொள்ளும். குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் மட்டும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாக ஒரு குழாய் வைத்த டிரம்மில் பிடித்து வையுங்கள், குடம் குடமாக வேண்டாம். நம் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது என்பதற்காகத்தானே ஜப்பான் கடனில் அந்தத் திட்டத்தையே கொண்டுவந்தார்கள், அதனால் போர் தண்ணீரைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

எங்கள் தோட்டத்துக் கதையே இதுதான். மும்முனை கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போட வேண்டும், ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்துகொண்டே போவோம். இப்போது சிம் போட்ட ஸ்டார்ட்டர், படுத்த இடத்திலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும், கரண்ட் வந்தது, போனது எல்லாம் மெசேஜ் வரும். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் தானாக நிற்கிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் காயில் கருகிவிடும், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் காயில் கட்டுகிற கடையில் போய்விடும். தக்காளிக்குச் சொட்டுநீர் போட்ட பிறகு மடை திருப்புகிற வேலையும் இல்லை. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. இன்னமும் போடாமல் மண்வெட்டியோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாட்டுக்கும் அப்படித்தான். தீவனத்தை இரவே வெட்டிக் கூடையில் வைத்துவிட்டால் காலைப் பால் கறவை சொசைட்டி நேரத்துக்குள் முடியும். மாட்டுக்கு மனுஷனைவிட நேரம் தெரியும், பத்து நிமிடம் தள்ளினால் கத்த ஆரம்பித்துவிடும்.

பாடம் எடுப்பவர், ஓசூர்

நான் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன், அதனால் இரண்டு விஷயம், ஒன்று என் பாடம், ஒன்று என் பாடம் இல்லை.

என் பாடம் இல்லாதது முதலில். பழக்கம் ஒட்டிக்கொள்ள 21 நாள் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்து போகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2009-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு ஒட்டி, காலைச் சாப்பாடு முடிந்ததும் என்பதைப் போல, புதிதாக ஒரு காரியத்தை 12 வாரம் செய்ய வேண்டும். யோசிக்காமல் கை தானாகப் போகிற நிலை வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. அரூர் அக்கா கையெழுத்தைத் தட்டு கழுவுவதோடு முடிச்சுப் போட்டது அதே வித்தைதான். மணி எட்டரை என்று வைத்தால் மறந்துபோகும், தட்டு கழுவுவதற்கு முன் என்று வைத்தால் தட்டு ஞாபகப்படுத்தும்.

இப்போது என் பாடம். குக்கரை முழுத் தீயில் வைத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் வேகும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது மேலே இருக்கிற வெயிட், அது தூக்கிவிட்டதென்றால் உள்ளே சுமார் 120 டிகிரி வந்துவிட்டது, அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் வீணாகும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிட்டு மணி பார்த்து நிறுத்துங்கள், விசில் எண்ணிக்கொண்டு சமையல் அறையில் காவல் நிற்க வேண்டாம், அந்த நேரத்தில் தலை வாரலாம். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் மலையையும் திட்டலாம். பருப்பை இரவே ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் பாதி நேரம்கூட ஆகாது.

பெண்ணாகரம் பொண்ணு

எல்லாம் நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா, புளி கரைப்பது, காய் நறுக்குவது, சாக்ஸ் வாங்குவது, டயரி, தண்ணீர், இவ்வளவும் ஒரே ஆளுக்குத்தான் சொல்கிறீர்கள். மருமகள் அக்கா வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், பன்னிரண்டு வயதுப் பெண் ஒன்று. பழக்கத்தை மாற்ற வேண்டியது அக்கா ஒருத்தி மட்டுமா?

நேரம் மிச்சம் பிடிப்பதும் காசு இருக்கிறவர்களுக்கு ஒரு மாதிரி, இல்லாதவர்களுக்கு ஒரு மாதிரி. எங்கள் பக்கத்துப் பெண்கள் 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்கள், பெரிய உதவி, நானும் போகிறேன். ஆனால் அந்த பஸ் வருகிற வரைக்கும் நிழற்குடையில் நிற்கிறோம், முன்னால் போகிற தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறோம். அந்த நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தது எது என்று கேட்டால் அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. என் அக்கா மகன் இரண்டாவது படிக்கிறான், அவள் மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போகிறவள், காலையில் பையனுக்கு ஊட்டி விடுகிற அந்த நேரம் மிச்சமானதால்தான் அவளால் முதல் ஷிஃப்ட் எடுக்கவே முடிந்தது. தனி ஒருத்தி சுறுசுறுப்பால் வந்த மிச்சம் கிடையாது அது.

தகடூரான், தர்மபுரி

ஒரு வாஷிங் மெஷின், ஒரு பாத்திரம் கழுவுகிற மெஷின், வேலைக்கு ஒரு அம்மா. இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் இதற்கு ஏன் இவ்வளவு நீளமான திரி?

மாங்கா மண்டி, சந்தூர்

மறுபடியும் கேட்கிறேன் அண்ணா, காபி யார் போடுகிறார்கள்?

பர்கூர் பி ஷிஃப்ட்

நானும் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைதான். மருமகள் அக்காவின் வீட்டுக்காரர் என் லைனிலேயேகூட இருக்கலாம், இருந்தால் மன்னிக்கவும் அண்ணா.

ஷிஃப்ட் வீட்டில் அட்டவணை நிற்காது என்பது உண்மை. ஏனென்றால் அட்டவணையைக் கிழமை வைத்துப் போடுகிறோம், எங்கள் வாழ்க்கை கிழமையில் ஓடுவதில்லை, ஏ, பி, சி என்று ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஷிஃப்ட்டுக்கு ஒரு ஏற்பாடு. ஏ ஷிஃப்ட் வாரம், ஆறு மணிக்கு நான் கம்பெனியில் இருக்க வேண்டும், காலையில் என்னால் ஒரு துரும்பும் நகராது, ஆனால் இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன், சந்தை, ரேஷன், கரண்ட் பில், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவுச் சமையலுக்கு வேண்டியது, மறுநாளுக்குக் காய் நறுக்குவது எல்லாம் என் தலையில். பி ஷிஃப்ட் வாரம் காலை முழுக்க நான் வீட்டில், டப்பா கட்டுவதிலிருந்து வேனில் ஏற்றுவது வரை நான். மனைவி சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். சி ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்கு வருவேன், தூக்கம் சொக்கும், இருந்தாலும் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டுத்தான் படுப்பேன், எப்படியும் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. இதில் முக்கியம், அந்த வாரம் என்ன வேலை என்று மனைவி எனக்குச் சொல்லக் கூடாது, நானாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சொல்லிச் சொல்லிச் செய்ய வைப்பதும் ஒரு வேலைதான், அதைக் குறைக்காமல் பீன்ஸை மட்டும் நான் நறுக்கிக் கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

அம்மா வயதானவர்கள் என்றால் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எங்கள் அம்மா சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே வெங்காயம், பூண்டு உரித்து வைத்துவிடுவார். செய்ய வேண்டாம் என்றால்தான் கோபம் வரும்.

பழையபேட்டை மருமகள், கிருஷ்ணகிரி

தம்பி, உங்கள் பதிவை அப்படியே வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிவிட்டேன். 'யாருடா இவன்' என்று பதில் வந்திருக்கிறது. ஆனால் இந்த வாரம் பி ஷிஃப்ட், டப்பா கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மூடிகளை அவரே தேடட்டும்.

டவர் கிடைக்கல, தேன்கனிக்கோட்டை

யாரும் அந்தப் போன் விஷயத்துக்கு வரவில்லையே. ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை என்றால் அதுதான் பெரிய ஓட்டை, காலையில் பொறுக்கி எடுக்கிற ஐந்து நிமிடம், பத்து நிமிடமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று காட்டும். பார்த்துவிட்டு முதலில் நம்ப மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் பள்ளிக்கூடக் குழு, சொந்தக்காரர் குழு, தெருக் குழு, கோயில் குழு எல்லாவற்றையும் 'எப்போதும்' என்று போட்டு ஊமையாக்கலாம், 2020-லிருந்தே அந்த வசதி உண்டு. பள்ளிக்கூடக் குழுவை மட்டும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு முறை பாருங்கள், அதிலும் 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவில் நாளைக்கு லீவு என்கிற செய்தி ஒளிந்திருக்கும். சார்ஜரை ஹாலில் மாட்டிவிட்டு, படுக்கை அறைக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். கரண்ட் பில், கேஸ் புக்கிங், பள்ளிக் கட்டணம் இதெல்லாமும் ஓசூர் போகிற பஸ்ஸிலேயே முடிக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மாதானே உட்கார்ந்து வருகிறீர்கள்.

பழையபேட்டை மருமகள், கிருஷ்ணகிரி

பில் எல்லாம் பஸ்ஸில் கட்டுவது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரவு நேரத்தை ஓட்டை என்று சொல்லாதீர்கள். காலை ஐந்திலிருந்து யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். அதில் நான் சேலை வீடியோ பார்ப்பேன், சண்டை பார்ப்பேன், ஒன்றும் பார்க்காமல் விரலை ஓட்டிக்கொண்டும் இருப்பேன். அதையும் எடுத்து உருப்படியாக்கு என்றால் அப்புறம் எதற்கு நேரத்தை மிச்சம் பிடிப்பது?

அரூர் அக்கா

சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி, அதில் கை வைக்காதீர்கள். பதினொன்றைப் பத்தரை ஆக்கினால் உடம்புக்கு நல்லது, அது வேறு. மிச்சமாகிற நேரத்தை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது என் அனுபவம். காலையில் கால் மணி நேரம் கையில் இருப்பது தெரிந்தால் 'அப்படின்னா ஒரு சட்னி சேர்த்து அரைச்சிடேன்' என்பார்கள். நான் அந்த நேரத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது காபி குடிக்கிறேன், கேட்டால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

பாடம் எடுப்பவர், ஓசூர்

டவர் கிடைக்கல தம்பிக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸில் தூங்குவதும் உருப்படியான வேலைதான். ஐந்து மணிக்கு எழுகிற பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தைவிடக் கேஸ் புக்கிங் பெரிதில்லை. பில் கட்டுவதை மாதத்தில் ஒரு நாள் சம்பளம் வந்த அன்றைக்கு மொத்தமாக முடித்துவிட்டு மற்ற நாட்களில் தூங்குங்கள்.

மாங்கா மண்டி, சந்தூர்

திரியை மாற்றுவதற்கு மன்னிக்கவும், பாடம் எடுப்பவர் சாரிடம் ஒரு சந்தேகம். குக்கர் பற்றி இவ்வளவு சொன்னீர்களே, களியைக் குக்கரில் செய்யலாமா? என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள், மாவும் தண்ணீரும் போட்டு மூன்று விசில் விட்டு எடுத்தேன் என்கிறாள். அம்மா அதைச் சாப்பிட மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தென்பெண்ணை விவசாயி, காவேரிப்பட்டணம்

சார் வருவதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். அது களி இல்லை, மாவுக் கட்டி.

அரூர் அக்கா

பாதி வேலையைக் குக்கரில் செய்யலாம், முழுசாக வேண்டாம். நொய் அரிசியைக் குக்கரில் குழைய வேகவிட்டு, ஆவி முழுக்க அடங்கியதும் திறந்து, தேவையான அளவு தண்ணீர் சேர்த்துக் கொதி வந்ததும் ராகி மாவைக் குவியலாக நடுவில் கொட்டுங்கள், கிளறக் கூடாது. தீயைக் குறைத்து, குக்கர் மூடியைப் பூட்டாமல் ஒரு சாதாரணத் தட்டை மேலே மூடி, மாவு ஆவியிலேயே வேகட்டும். ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிட்டுத் துடுப்பால் கிண்டுங்கள், கட்டி நிற்காது. நொய் வேகிற நேரம் மிச்சம், கிண்டுகிற வேலை மிச்சமாகாது. கை வலித்தால் வீட்டில் இருக்கிற ஆம்பளையைக் கூப்பிடுங்கள்.

தகடூரான், தர்மபுரி

எங்கள் வீட்டில் களி கிண்டுவது நான்தான். காபியும் நானே போட்டுக்கொள்கிறேன், மாங்கா மண்டி தம்பி, போதுமா?